மலைக்கு அரசன் பீட்டர் பிராக்

கார்ப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபார்முலா ஒன் பந்தயமே. 1999 முதல் 2017 வரை சிப்பாங்கில் அதன் இரைச்சலைக் கேட்டிருக்கிறோம். 2008இல் அது சிங்கப்பூரின் இரவு வீதிகளுக்கும் வந்தது. ஆனால், அந்தக் கார்களை நாம் எவர் வீட்டு வாசலிலும் காண முடியாது. கார்ப் பந்தயத்தில் இன்னொரு வகை உண்டு. அப்பாவை வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் ஏற்றிச் செல்லும் அதே வகைக் காரை எடுத்து, பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி ஓட்டுவார்கள். இதற்கு டூரிங் கார் பந்தயம் என்று பெயர். இவ்வகைப் பந்தயத்தில் ஆஸ்திரேலிய மக்கள் இன்றளவும் மறவாத பெயர் பீட்டர் பிராக். வெற்றி, வீழ்ச்சி, மீண்டும் எழுச்சி என மூன்றையும் கண்ட அவருடைய வாழ்க்கையில் மாணவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது.

கோடரியும் ஒரு பழைய காரும்

பீட்டர் பிராக் 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தார். மெல்பர்ன் நகருக்கு வெளியே உள்ள ஹர்ஸ்ட்பிரிட்ஜ் எனும் சிற்றூரே அவர் வளர்ந்த இடம். சிறு வயதில் அவர் கைக்கு வந்த முதல் கார் ஒரு பழைய ஆஸ்டின் 7. அதன் மேற்கூட்டைக் கோடரியால் வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய எலும்புக்கூட்டை ஓட்டிப் பழகினார். இயந்திரம் எப்படி மூச்சு விடுகிறது, சக்கரம் எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்பதையெல்லாம் அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. உடம்பால் உணர்ந்து கற்றுக்கொண்டார்.

1960களின் நடுவில் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். அதை முடித்துத் திரும்பியதும், ஆஸ்டின் ஏ30 எனும் குட்டிக் காருக்குள் ஆறு சிலிண்டர் ஹோல்டன் இயந்திரத்தைப் பொருத்திப் பந்தயத்தில் இறங்கினார். சின்ன உடம்பில் பெரிய இதயம் வைத்தது போன்ற அந்தக் காரை அடக்கி ஓட்டுவதே ஒரு வித்தை. அதைக் கவனித்தவர்களுள் ஹேரி ஃபர்த் முக்கியமானவர். ஹோல்டன் விற்பனையாளர் அணியின் தலைவரான அவர், 1969இல் இந்த இளைஞரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார்.

அந்த மலை

பீட்டர் பிராக்கின் வாழ்க்கையைப் பேச வேண்டுமானால் ஒரு மலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். சிட்னியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேற்கே பாத்தர்ஸ்ட் நகரம் உள்ளது. அங்குள்ள மவுண்ட் பனோரமா மலையைச் சுற்றிச் செல்லும் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சாலைதான் பந்தயத் தடம். மற்ற நாட்களில் அது எல்லாரும் செல்லும் பொதுச் சாலை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போனால் தண்டனை உண்டு. ஆண்டுதோறும் வசந்த காலத்தில், அதே சாலையில் பந்தயக் கார்கள் சீறிப் பாயும். ஏற்றம், குறுகலான வளைவுகள், செங்குத்தான இறக்கம், பின்னர் நீண்ட நேர்பாதை என அமைந்த அந்தத் தடம் சிறு பிழையையும் மன்னிக்காது.

1969இல் பிராக் அங்கு முதன்முறையாகப் போட்டியிட்டு, டெஸ் வெஸ்ட் என்பவரோடு இணைந்து மூன்றாம் இடம் பெற்றார். 1972இல் வந்தது முதல் வெற்றி. அப்போது பந்தயத் தூரம் 500 மைல். ஒருவரே முழுத் தூரத்தையும் ஓட்டலாம் என்றிருந்த கடைசி ஆண்டு அது. ஃபோர்டு அணியின் ஆலன் மொஃபட்டிடம் 5.8 லிட்டர் கொள்ளளவுடைய எட்டு சிலிண்டர் இயந்திரம் இருந்தது. பிராக்கின் டொரானாவில் இருந்ததோ 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் இயந்திரம். அன்று மழை பெய்தது. ஈரச் சாலையில் வலிமையைவிட நுட்பம் பெரிதாயிற்று. 27 வயது இளைஞர் தனியொருவராக ஓட்டி வென்றார்.

மறு ஆண்டே மலை தன் குணத்தைக் காட்டியது. பந்தயம் 1,000 கிலோமீட்டராக நீட்டப்பட்டு, இருவர் மாறி மாறி ஓட்டும் முறை வந்தது. பிராக்கின் இணை ஓட்டுநர் டக் சீவஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்தது. வயதில் மூத்த அம்மனிதர் காரைத் தள்ளிக்கொண்டே பணிமனை வரிசைக்கு வந்து சேர்ந்தார். வெற்றி மொஃபட் அணிக்குப் போனது.

உச்சியில் ஒருவர்

1974, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் பிராக் ஆஸ்திரேலிய டூரிங் கார் வெற்றியாளர் பட்டத்தை வென்றார். பாத்தர்ஸ்டில் 1975இல் பிரையன் சாம்ப்சனுடன் வென்றார். பின்னர் ஜிம் ரிச்சர்ட்ஸுடன் இணைந்து 1978, 1979, 1980 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடினார். 1979ஆம் ஆண்டுப் பந்தயம் இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. அடுத்து வந்தவரைவிட ஆறு சுற்றுகள் முன்னால் இருந்த அவர், மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தாலே போதும். ஆனால் கடைசிச் சுற்றிலும் வேகத்தைக் குறைக்காமல் சென்று, அந்தப் பந்தயத்தின் மிக விரைவான சுற்று என்ற சாதனையையும் படைத்தார்.

ஹோல்டன் நிறுவனம் பந்தயத்திலிருந்து நேரடியாக விலகியதும், 1980இல் அணியைப் பிராக்கே ஏற்று நடத்தினார். செலவுக்கு வழி காண, விற்பனையாளர்களின் துணையோடு ஹோல்டன் கொமடோர் கார்களை மெருகேற்றித் தம் பெயரில் விற்கும் தொழிலைத் தொடங்கினார். 1982, 1983, 1984 எனப் பாத்தர்ஸ்டில் மீண்டும் மூன்று தொடர் வெற்றிகள். அவரது கார் எண் 05. வாகனமோட்டிகளின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05ஐத் தாண்டக்கூடாது என்னும் விக்டோரியா மாநிலச் சாலைப் பாதுகாப்புப் பரப்புரையை அந்த எண் சுமந்து சென்றது. ஒரு விளையாட்டு வீரர் அடையக்கூடிய புகழின் உச்சியில் அவர் நின்றார்.

ஒரு சிறு பெட்டி

வீழ்ச்சி ஒரு சிறு பெட்டியின் வடிவில் வந்தது. காந்தங்களும் படிகங்களும் அடங்கிய 'எனர்ஜி போலரைசர்' என்னும் அப்பெட்டியைக் காரில் பொருத்தினால் கார் இன்னும் சீராகவும் திறமாகவும் ஓடும் என்று பிராக் உறுதியாக நம்பினார். 1986 முதல் தாம் தயாரித்த கார்களில் அதைப் பொருத்தினார். அதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. பொறியியலாளர்கள் தலையை ஆட்டினர். நண்பர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. 1987 பிப்ரவரியில், ஹோல்டன் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலேயே 'டைரக்டர்' என்னும் புதிய காரை அப்பெட்டியோடு அறிமுகப்படுத்தினார். நிறுவனம் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. நெடுநாள் தோழர் ஜான் ஹார்வியும் அணியை விட்டு விலகினார். பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய தொழில் சரிந்தது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிராக் அறிவில் குறைந்தவர் அல்லர். இயந்திரத்தின் சின்னஞ்சிறு நடுக்கத்தையும் உணரக்கூடிய உடம்பு அவருக்கு வாய்த்திருந்தது. மழையில் மற்றவர் தடுமாறிய இடத்தில் அவரைக் காத்தது அந்த உணர்வுதான். ஆனால் பந்தயத் தடத்தில் உணர்வு தவறினால் அடுத்த நொடியே கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியின் விஷயத்தில் அவர் கடிகாரத்தைக் கேட்கவில்லை. தம் உணர்வே போதிய சான்று என்று எண்ணிவிட்டார். எந்தத் திறமை ஒருவரை உயர்த்துகிறதோ, அதே திறமையின் மீது கொள்ளும் அளவு கடந்த நம்பிக்கை அவரை வீழ்த்தவும் கூடும்.

மீண்டும் மழை

அதே 1987ஆம் ஆண்டு, நிறுவனத்தின் ஆதரவின்றிப் பாத்தர்ஸ்டுக்குச் சென்றார் பிராக். அவருடைய 05 எண் கார் தொடக்கத்திலேயே இயந்திரக் கோளாறால் நின்றது. உடனே அவரும் டேவிட் பார்சன்ஸும், பீட்டர் மெக்லியாட் ஓட்டிக்கொண்டிருந்த அணியின் இரண்டாவது காருக்கு மாறினர். பிற்பகலில் மழை வந்தது. உலர்ந்த சாலைக்குரிய வழுவழுப்பான டயர்களோடு ஈரத்தில் காரை அவர் செலுத்திய விதம் அனைவரையும் வியக்க வைத்தது. முடிவில் மூன்றாவதாக வந்து சேர்ந்தார். முன்னால் வந்த இரண்டு ஃபோர்டு சியரா கார்களும் விதிமீறலுக்காகப் பின்னர் தகுதி நீக்கம் செய்யப்பட, பிராக்கின் ஒன்பதாவது பாத்தர்ஸ்ட் வெற்றி உறுதியாயிற்று. இதுவரை அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை.

அதன்பின் பிஎம்டபிள்யூ, ஃபோர்டு கார்களை ஓட்டிய அவர் 1991இல் ஹோல்டன் காருக்குத் திரும்பினார். 1994இல் ஹோல்டனின் அதிகாரபூர்வ அணி அவரை வரவேற்றது. அங்கு கிரெய்க் லவுண்ட்ஸ் என்னும் இளைஞருக்கு அவர் வழிகாட்டியாக விளங்கினார். 1997இல் முழுநேரப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஓட்டுவதை விட்டுவிடவில்லை.

2006 செப்டம்பர் 8ஆம் நாள், பெர்த் நகருக்கு அருகே நடைபெற்ற டார்கா வெஸ்ட் பந்தயத்தில் அவருடைய கார் ஒரு வளைவில் தடம் விலகி மரத்தில் மோதியது. அவ்விடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 61. முதலைகளோடு பழகிய ஸ்டீவ் இர்வின் மறைந்து நான்கே நாட்கள் ஆகியிருந்த வேளையில், ஆஸ்திரேலியா இன்னொரு முறை கண்ணீர் வடித்தது. மெல்பர்ன் நகரில் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

அடுத்த மாதம் பாத்தர்ஸ்டில் வெற்றி பெறுவோருக்குப் பீட்டர் பிராக் கிண்ணம் முதன்முறையாக வழங்கப்பட்டது. அதைக் கையில் ஏந்தியவர்கள் கிரெய்க் லவுண்ட்ஸும் ஜேமி விங்கப்பும். அவர்கள் ஓட்டி வந்தது ஹோல்டன் அன்று. அதன் பரம எதிரியான ஃபோர்டு. குருவின் பெயர் தாங்கிய கிண்ணத்தை மாணவர் ஏந்தியபோது கூடியிருந்தோர் கார்ப் பெயரைப் பார்க்கவில்லை.

ஹோல்டன் ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தியை 2017இல் நிறுத்தியது. 2020இல் அந்தப் பெயரே சந்தையிலிருந்து மறைந்தது. பிராக்கின் பெயரோ அந்தக் கிண்ணத்தில் நிலைத்திருக்கிறது. பட்டம் பெற்று வெளியேறும் நம் நண்பர்களும் நாளை ஏதோவொரு துறையில் வல்லவர்கள் ஆவார்கள். அன்று பிராக்கின் மழைநாள் வெற்றிகளை எண்ணித் துணிவு கொள்ளட்டும். கூடவே, அந்தச் சிறு பெட்டியையும் மறவாமல் இருக்கட்டும்.