பறக்கும் இலக்கு

பெருமாநல்லூர்க் குண்டம் திருவிழா போன்ற ஊர்த் திருவிழாக்களுக்குச் சென்றவர்கள் பலூன் சுடும் கடையைக் கண்டிருப்பர். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள். கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. அசையாமல் நிற்கும் பலூனையே பலமுறை தவறவிடுகிறோம். அது நாம் அறியாத திசையில், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்து அகலுமானால் என்ன செய்வோம்? அத்தகைய இலக்கைச் சுடும் போட்டிக்கு டிராப் என்று பெயர். அப்போட்டியில் உலக அரங்கில் இந்தியாவுக்குப் பதக்கம் பெற்றுத் தந்தவர் முனைவர் கர்ணி சிங்.

ராஜஸ்தானத்தின் பாலைநிலத்தில் அமைந்த பிகானேர் அரச குடும்பத்தில் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கர்ணி சிங் பிறந்தார். அவருடைய பாட்டனார் மன்னர் கங்கா சிங். வறண்ட மண்ணுக்குக் கால்வாய் வெட்டி நீர் கொணர்ந்தவர் என்று அவரை மக்கள் போற்றினர். அவர் வேட்டையிலும் பெயர் பெற்றவர். தலைநகருக்கு அருகிலுள்ள கஜ்னேர் ஏரிக்குக் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக வரும் பறவைகளைச் சுடுவது அரச விருந்தினருக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. கர்ணி சிங்கின் கைக்குத் துப்பாக்கி வந்தது அந்த வழியில்தான்.

எல்லார் கைக்கும் அது வந்துவிடவில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் பெறாத இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். ஐரோப்பியருக்கும் மன்னர் போன்ற சிலருக்கும் அச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே துப்பாக்கி சுடுதல் நம் நாட்டில் நெடுங்காலம் அரண்மனைக்கும் படைக்கும் உரியதாகவே இருந்தது. விடுதலைக்குப் பின், 1951ஆம் ஆண்டில் இந்தியத் தேசியத் துப்பாக்கிக் கழகம் தோன்றியது. அதன் முதல் தலைவர், மக்களவையின் முதல் தலைவராகவும் விளங்கிய மாவ்லங்கர். காந்தியடிகளின் வழியில் சிறை சென்ற ஒருவர் துப்பாக்கிக் கழகத்துக்குத் தலைமை ஏற்றது வியப்பாகத் தோன்றலாம். சட்டத்தின் பெயரால் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு திறனை மீட்கும் முயற்சியாகப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

மாவ்லங்கர் தலைமை தாங்கிய அதே மக்களவைக்கு 1952ஆம் ஆண்டு சுயேச்சை உறுப்பினராகச் சென்றார் கர்ணி சிங். பிகானேர் அரசு அதற்கு முன்பே ராஜஸ்தானத்துடன் இணைந்துவிட்டது. 1950இல் தந்தையார் சாதுல் சிங் மறைந்தபோது கர்ணி சிங்குக்கு வந்து சேர்ந்தது பட்டம் மட்டுமே. ஆள்வதற்கு நாடு இல்லை. வாக்குக் கேட்டு மக்களிடம் சென்ற அவரை அவர்கள் ஐந்து முறை தேர்ந்தெடுத்தனர். 1977 வரை, கட்சி எதிலும் சேராமல், இருபத்தைந்து ஆண்டுகள் அவர் உறுப்பினராக இருந்தார்.

டிராப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொறி என்பது பொருள். தொடக்கத்தில் உயிருள்ள புறாக்களைப் பெட்டிகளில் அடைத்து, திறந்துவிட்டுச் சுட்டனர். 1900ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அக்கொடுமை நிகழ்ந்தது. பின்னர் உயிருள்ள புறாவின் இடத்தைச் சிறு வட்டு பிடித்தது. உள்ளங்கை அளவேயான அவ்வட்டுக்கு இன்றும் களிமண் புறா என்றே பெயர். வீரர் நிற்கும் இடத்துக்கு முன்னே, பள்ளத்தில் மறைந்திருக்கும் எறிபொறிகள் அதை வீசும். வீரர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக் குரல் கொடுத்த நொடியில் வட்டு கிளம்பும். இடமா, வலமா, நேரா என்பது முன்கூட்டித் தெரியாது. வட்டு இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் தவறிப்போகும். அது சென்று சேரும் இடத்தைக் கணித்துச் சுட வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து வட்டுகள். இவ்வாறு பல சுற்றுகள், சில வேளைகளில் பல நாள்கள். வாழையடி வாழையாக வந்த அரச மரபு அங்கே எதற்கும் உதவாது.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் கர்ணி சிங் எட்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு, புதிதாக நிறுவப்பட்ட அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1962இல் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் உலக வாகையர் போட்டி நடைபெற்றது. எல்லாச் சுற்றுகளும் முடிந்தபோது கர்ணி சிங் முதலிடத்தைச் சமநிலையில் பகிர்ந்து நின்றார். வெற்றியாளரைத் தீர்மானிக்க மீண்டும் சுட வேண்டியதாயிற்று. அதில் அவர் பின்தங்கினார். தங்கம் கைநழுவி வெள்ளி கிடைத்தது. உலக வாகையர் போட்டியில் இந்தியத் துப்பாக்கி வீரர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அதுவே. இரண்டாண்டுக்குப் பின், டோக்கியோ ஒலிம்பிக் நடந்த அதே 1964ஆம் ஆண்டில், பிகானேர் அரசுக்கும் நடுவண் பேரரசுகளுக்கும் இருந்த உறவை ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்குக் கிட்டவேயில்லை. மெக்சிகோவில் பத்தாம் இடம் வரை வந்தார். மியூனிக்கில் மிகவும் பின்தங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1971இல், அரசியலமைப்புத் திருத்தம் மன்னர்களின் பட்டங்களையும் மானியத்தையும் நீக்கியிருந்தது. பட்டம் போன பின்னும் அவர் களத்தை விடவில்லை. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் சுட நின்றபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அது அவருடைய ஐந்தாம் ஒலிம்பிக். ரோமில் தொடங்கி மாஸ்கோவில் முடிந்த அப்பயணத்தைப் பின்னர் நூலாகவும் எழுதினார்.

அவருக்குச் செல்வம் துணைநின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் எளியவர் வாங்கத்தக்க விலையில் இருந்ததில்லை. ஆயினும் செல்வம் உடைய எத்தனையோ பேர் வேட்டையோடு நின்றுவிட, பதினேழு முறை தேசிய வாகையரான அவர் தம் மகள் ராஜ்யஸ்ரீ குமாரியையும் அதே களத்தில் இறக்கினார். அக்காலத்தில் பெண்கள் அரிதாகவே துப்பாக்கி ஏந்தினர். 1968ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது மகளுக்கும் கிடைத்தது.

1982இல் ஆசிய விளையாட்டு தில்லிக்கு வந்தது. அதற்காகத் துக்ளகாபாதில் துப்பாக்கி சுடும் களம் அமைக்கப்பட்டது. ஐம்பத்தெட்டு வயதில், தம் நாட்டு மண்ணில், அணிப் போட்டியில் வெள்ளி வென்றார் கர்ணி சிங். 1988ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் நியூயார்க்கில் அவர் மறைந்தார். துக்ளகாபாத் களம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு எட்டாத ஒலிம்பிக் பதக்கம், 2004இல் ஏதென்ஸ் நகரில், இரு வட்டுகளை ஒருசேர எறியும் இரட்டை டிராப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்தது. அதை வென்ற ராஜ்யவர்தன் சிங் ரத்தோரும் ராஜஸ்தானத்துப் பாலைநிலத்தில் பிறந்தவரே. அவர் ஒரு படைவீரரின் மகன்.