காற்றோடு மோதி ஜெயித்த இன்ஜினியர்... ஆனால் ஒரு பாலம் ஏன் விழுந்தது? யார் இந்த குஸ்டாவ் ஈஃபிள்?

பாரிஸ் என்றாலே நினைவுக்கு வருவது ஈஃபிள் டவர்தான். 7,300 டன் இரும்பு, 300 மீட்டர் உயரம். 130 வருஷங்களைத் தாண்டியும் அசையாமல் நிற்கிறது. இதே நிறுவனம் கட்டிய ஒரு பாலம் மட்டும் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரெண்டுக்கும் காரணம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அதே விசைகள்தான். எப்படி? பார்க்கலாம்.

வினிகர் ஆலைக்குப் போக வேண்டியவர்

1832 டிசம்பர் 15-ல் பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்தவர் ஈஃபிள். கல்லூரியில் படித்தது வேதியியல். மாமாவின் வினிகர் ஆலையில் வேலைக்குச் சேர்வதுதான் திட்டம். குடும்பத்தில் சண்டை வந்ததால் அது நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் ரயில்வே பாலங்கள் பக்கம் வந்தார். 30 வயதைத் தொடுவதற்குள் போர்டோ நகரில் சுமார் 500 மீட்டர் நீள ரயில் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்.

முக்கோணத்தின் ரகசியம்

நாலு குச்சியைச் சதுரமாக ஆணி அடித்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூணு குச்சியை முக்கோணமாக அடித்தால் எவ்வளவு தள்ளினாலும் வடிவம் மாறாது. ஏன்னா, அதில் வரும் விசை ஒவ்வொரு குச்சியையும் நீளவாக்கில் இழுக்கும், இல்லைன்னா அமுக்கும். இழுத்தால் அது இழுவிசை. அமுக்கினால் அது அமுக்குவிசை.

ஈஃபிளின் பாலங்கள் எல்லாம் இப்படிப்பட்ட முக்கோணச் சட்டங்கள்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சட்டங்களுக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும், முட்டி மோதாது.

காற்றைச் சாதாரணமாக நினைத்தால் என்ன ஆகும்? 1879 டிசம்பர் 28-ல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் புயலில் சரிந்தது. அதில் போய்க்கொண்டிருந்த ரயில் ஆற்றுக்குள் விழுந்தது. வடிவமைப்பில் காற்றின் விசையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

டவரின் கால் ஏன் அகலமாக இருக்கிறது?

டவரின் முதல் வரைபடத்தைப் போட்டவர்கள் ஈஃபிளிடம் வேலை பார்த்த மோரிஸ் கேஷ்லின், எமில் நூகியே என்ற இன்ஜினியர்கள். ஈஃபிள் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அரசு கொடுத்தது 15 லட்சம் பிராங்க் மட்டுமே. மீதிப் பணத்தை அவரே திரட்ட வேண்டும். பதிலுக்கு 20 வருஷம் டிக்கெட் வசூல் அவருக்கு. பிரபல எழுத்தாளர்களும் கலைஞர்களும் இது பாரிஸின் அழகையே கெடுத்துவிடும் என்று 1887-ல் பத்திரிகையில் கண்டனம் தெரிவித்தார்கள்.

ஈஃபிளின் கவலை வேறு. ஓடுகிற பஸ்ஸில் பிடி இல்லாமல் நிற்கும்போது நாம் என்ன செய்வோம்? காலை அகட்டி வைப்போம். டவரும் அதைத்தான் செய்கிறது. உயரத்தில் காற்று தள்ளும்போது அது டவரை அடியோடு கவிழ்க்கப் பார்க்கும். இதுதான் திருப்புத்திறன். மேலே குறைவாகவும் கீழே வர வர அதிகமாகவும் இருக்கும். அதனால்தான் உச்சி ஒல்லி, அடிப்பகுதி பக்கத்துக்கு 125 மீட்டர். கால்களின் அந்த வளைவு அழகுக்காகப் போட்டது இல்லை, காற்றுக்காகப் போட்ட கணக்கு.

1889 மார்ச் 31-ல் உச்சியில் ஏறி பிரான்ஸ் கொடியைப் பறக்கவிட்டார் ஈஃபிள்.

விழுந்த பாலம்

ரெண்டே வருஷத்தில் இடி விழுந்தது. 1891 ஜூன் 14, சுவிட்சர்லாந்தின் மூன்சென்ஸ்டைன். 1875-ல் ஈஃபிளின் நிறுவனம் கட்டிய ரயில் பாலம், பயணிகள் ரயில் போகும்போது உடைந்து விழுந்தது. 70-க்கும் அதிகமானோர் பலி.

காரணம் என்ன? ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ரெண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், ஒன்றும் ஆகாது. அதையே ரெண்டு முனையிலும் அமுக்குங்கள், சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். நீளமான, ஒல்லியான சட்டங்களுக்கு அமுக்குவிசையில் இதுதான் ஆபத்து. பாலத்தின் சில சட்டங்கள் இதைத் தாங்கும் அளவுக்குக் கனமாக இல்லை. அன்று புழக்கத்தில் இருந்த கணக்கு முறையிலும் குறை இருந்தது. அடுத்த வருஷமே சுவிட்சர்லாந்து பாலங்களுக்குப் புது விதிகளைக் கொண்டுவந்தது.

டவரைக் காப்பாற்றியது எது?

1893-ல் பனாமா கால்வாய் ஊழல் வழக்கில் ஈஃபிளுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. அதன்பின் அவர் கட்டுமானத் தொழிலை விட்டு விலகி ஆராய்ச்சிக்குள் போனார். டவரின் மேலிருந்து பொருட்களை விழவிட்டு, காற்று எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். 1909-ல் டவரின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் அமைத்தார். ஆரம்பகால விமானங்களின் இறக்கைகள் அங்கே சோதிக்கப்பட்டன.

அதே 1909-ல் டவரின் 20 வருஷ அனுமதி முடிகிற நேரம். இடிக்கச் சொல்லியும் குரல் எழுந்தது. ஆனால் அதற்குள் ராணுவத்தின் ரேடியோ சோதனைக்கு டவரைக் கொடுத்து உதவியிருந்தார் ஈஃபிள். அந்த உயரம் நாட்டுக்குத் தேவைப்பட்டது. அனுமதி 70 வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

1923 டிசம்பர் 27-ல், 91 வயதில் ஈஃபிள் காலமானார். இன்றைக்கும் பலத்த காற்றில் டவரின் உச்சி ஆடுவது சில சென்டிமீட்டர்தான்.