கற்றல் பயணம் தந்த கனவு

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரியின் கரையில் லோசான் என்ற நகரம் அமைந்துள்ளது. அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் தலைமையகம் இந்நகரில்தான் இருக்கிறது. கைப்பந்து, ஹாக்கி, மேசைப்பந்து, வில்வித்தை, குதிரையேற்றம் முதலிய விளையாட்டுகளை உலக அளவில் வழிநடத்தும் அமைப்புகளும் இங்கிருந்தே இயங்குகின்றன. விளையாட்டுத் துறையில் எழும் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் நடுவர் மன்றமும் இங்கு உண்டு. ஒரு போட்டியை யார் திட்டமிடுகிறார்கள், விதிகளை யார் வகுக்கிறார்கள், சிக்கல் வந்தால் யார் தீர்த்து வைக்கிறார்கள் என்பவற்றை நேரில் அறிந்துகொள்ள, பல நாட்டு மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுடன் இந்நகருக்குக் கற்றல் பயணம் வருகிறார்கள்.

இந்நகரம் விளையாட்டு உலகின் தலைநகராக உருவாவதற்கு வழிவகுத்தவர் பியர் டி குபர்டின். பழங்கால ஒலிம்பிக் போட்டிகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவராக உலகம் அவரை அறியும். அவரும் இளமையில் பிற நாட்டுப் பள்ளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் மேற்கொண்ட கற்றல் பயணங்களில்தான் ஒலிம்பிக் மன்றத்தின் விதை ஊன்றப்பட்டது.

குபர்டின் 1863ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பிரபுக் குடும்பம். தந்தை ஓவியர். வசதிக்குக் குறைவில்லாத வீடு அது. ஆனால், அவருக்கு ஏழு வயதானபோது பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. அந்தப் போரில் பிரான்ஸ் தோற்றது. தோல்வியின் வேதனை நாடு முழுவதும் பரவியிருந்த காலத்தில் அவர் வளர்ந்தார். நாட்டை மீண்டும் தலைநிமிரச் செய்வது எப்படி என்ற கேள்வி அக்கால இளைஞர் பலரின் மனத்தில் எழுந்தது. படையை வலுப்படுத்த வேண்டும் என்று சிலர் கருதினர். குபர்டினோ, மாற்றம் பள்ளிகளில்தான் தொடங்க வேண்டும் என்று நம்பினார்.

அக்காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிகளில் கட்டுப்பாடு மிகுதி. மாணவர்கள் நெடுநேரம் வகுப்பறையிலேயே அமர்ந்து பாடங்களை மனனம் செய்தனர். ஓடியாடுவதற்கு நேரமும் இல்லை, இடமும் குறைவு. உடல் சோர்ந்தால் உள்ளமும் சோரும் என்பதைக் குபர்டின் உணர்ந்தார். வேறு நாடுகளில் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டு அறிய விரும்பினார்.

1883ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் சென்று, புகழ்பெற்ற பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் பார்வையிட்டார். அவற்றுள் ரக்பி என்ற ஊரில் இருந்த பள்ளி அவரை மிகவும் கவர்ந்தது. மாலை நேரத்தில் மாணவர்கள் திடலில் விளையாடும் காட்சியைவிட, அந்த விளையாட்டுகளை நடத்துபவர் யார் என்பதே அவருக்கு வியப்பளித்தது. அணித் தலைவர்களாக இருந்தவர்களும் ஆட்டங்களை ஏற்பாடு செய்தவர்களும் மாணவர்களே. 1845ஆம் ஆண்டில் தங்கள் பள்ளியின் பெயரைத் தாங்கிய ரக்பி ஆட்டத்துக்கு முதன்முதலில் விதிகளை எழுதி வைத்தவர்களும் அப்பள்ளியின் மாணவர்கள்தாம்.

அப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டு, மூத்த மாணவர்களிடம் பொறுப்புகளை ஒப்படைத்தவர். குபர்டின் அவரைத் தமது வழிகாட்டியாகவே கருதினார். உண்மையில், ஆர்னால்டு விளையாட்டில் அவ்வளவாக ஆர்வம் காட்டியவர் அல்லர் என்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆயினும், குபர்டின் அங்குக் கற்ற பாடம் பொய்யாகவில்லை. திடலில் பந்தை உதைப்பதோடு விளையாட்டு முடிந்துவிடுவதில்லை. விதியை வகுப்பது, அதற்குக் கட்டுப்படுவது, எதிரணியை மதிப்பது, ஒன்றுகூடி முடிவெடுப்பது ஆகியவையும் விளையாட்டின் பகுதிகளே. இவற்றைப் பழகிய மாணவன் நாளை நல்ல குடிமகனாவான் என்பதே அவர் கண்டறிந்த உண்மை.

கண்டதை மனத்தில் பூட்டி வைக்காமல் நூலாக எழுதினார். கட்டுரைகள் வெளியிட்டார். நாடு திரும்பி, பள்ளிகளில் விளையாட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். 1889ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் அவரை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்பியது. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் விளையாட்டு எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை ஆராய்ந்து வருவது அவருடைய பணி. அப்பயணத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்லோன் அவருக்கு நண்பரானார்.

பயணங்கள் அவருக்கு ஒரு சிக்கலையும் காட்டின. ஒரு நாட்டின் விதி மற்றொரு நாட்டில் செல்லுபடியாகவில்லை. பணம் பெற்று விளையாடுபவரைச் சேர்க்கலாமா, கூடாதா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. இந்நிலையில் இரு நாட்டு வீரர்கள் சந்தித்தால் போட்டியைவிடச் சச்சரவே மிஞ்சும். எல்லா நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் பொதுவான ஓர் அமைப்பு தேவை என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பெற்றது.

1890ஆம் ஆண்டில் மீண்டும் இங்கிலாந்துக்குப் போனபோது, மச் வென்லாக் என்ற சிற்றூருக்குச் சென்றார். அவ்வூரில் வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற முதிய மருத்துவர் வாழ்ந்து வந்தார். ஊர் மக்களின் உடல்நலத்துக்காக 1850ஆம் ஆண்டிலிருந்தே ஒலிம்பிக் என்ற பெயரில் அவர் போட்டிகள் நடத்தி வந்தார். பல நாடுகள் பங்கேற்கும் ஒலிம்பிக் போட்டி கிரேக்கத்தில் நடைபெற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எண்பது வயதைக் கடந்த அம்மருத்துவரின் ஆர்வத்தைக் கண்டு, இருபத்தேழு வயதான குபர்டின் நெகிழ்ந்தார். அங்கு ஓக் மரக்கன்று ஒன்றையும் நட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், பழைய போட்டிகள் நடந்த ஒலிம்பியா நகரின் சிதைவுகளை ஜெர்மானிய அகழ்வாய்வாளர்கள் மண்ணுக்கடியிலிருந்து வெளிக்கொணர்ந்திருந்தனர். பள்ளித் திடலில் கற்ற பாடமும் பழங்கிரேக்கத்தின் நினைவும் குபர்டினின் மனத்தில் ஒன்றுசேர்ந்தன.

1892ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பாரிஸில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒலிம்பிக் போட்டிகளை மீண்டும் தொடங்கலாம் என்று அவர் அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினர். ஆனால், அவர் சொன்னதை யாரும் நடைமுறைக்கு உரியதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ நாடகமேடைக் காட்சியைப் பற்றிப் பேசுகிறார் என்றே சிலர் நினைத்தனர்.

குபர்டின் மனம் தளரவில்லை. பல நாட்டு விளையாட்டுக் கழகங்களுக்கும் கடிதம் எழுதினார். நண்பர்களின் உதவியை நாடினார். 1894ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸின் சோர்பான் பல்கலைக்கழகத்தில் மாநாடு ஒன்றைக் கூட்டினார். விளையாட்டு விதிகளைப் பற்றிய விவாதமே நிகழ்ச்சி நிரலில் முதலிடம் பெற்றது. ஒலிம்பிக் பற்றிய பேச்சைக் கடைசியில்தான் சேர்த்திருந்தார். தொடக்க விழாவில், அதற்கு முந்தைய ஆண்டு கிரேக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட பழம்பாடல் ஒன்றை இசைக்கச் செய்தார். அந்த இசை அவையோரின் மனத்தைக் கனியச் செய்தது. ஜூன் 23ஆம் நாள் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் தோன்றியது. இன்றும் அந்த நாள் ஒலிம்பிக் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கிரேக்க நாட்டைச் சேர்ந்த டெமெட்ரியோஸ் விகேலாஸ் முதல் தலைவரானார். குபர்டின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். அமெரிக்கப் பயணத்தில் நட்புக்கொண்ட ஸ்லோனும் மன்றத்தின் முதல் உறுப்பினர்களுள் ஒருவரானார்.

முதல் போட்டியை ஏதென்ஸ் நகரில் நடத்துவது என்று முடிவாயிற்று. உடனே பணச் சிக்கல் எழுந்தது. கடன்சுமையில் இருந்த கிரேக்க அரசாங்கம் தயங்கியது. குபர்டின் நேரில் சென்று பலரைச் சந்தித்து ஆதரவு திரட்டினார். கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைன் பொறுப்பேற்க முன்வந்தார். ஜார்ஜ் அவெரோஃப் என்ற வணிகர், பழைய விளையாட்டரங்கைப் பளிங்குக் கற்களால் புதுப்பிக்கப் பெரும்பொருள் வழங்கினார். 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் போட்டிகள் தொடங்கின. 14 நாடுகளைச் சேர்ந்த 241 வீரர்கள் கலந்துகொண்டனர். மராத்தான் ஓட்டத்தில் கிரேக்க வீரர் ஸ்பைரிடான் லூயிஸ் வெற்றி பெற்றபோது அரங்கமே ஆர்ப்பரித்தது.

அந்த ஆரவாரத்தில் குபர்டினின் பெயர் அதிகம் ஒலிக்கவில்லை. கிரேக்கர்கள் அதைத் தங்கள் விழாவாகவே கருதினர். மகிழ்ச்சியைக் காண மச் வென்லாக்கின் முதிய மருத்துவரும் உயிருடன் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவர் காலமாகியிருந்தார். இனி ஒலிம்பிக் போட்டிகள் எப்போதும் கிரேக்கத்திலேயே நடக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. குபர்டின் அதற்கு இணங்கவில்லை. போட்டிகள் நாட்டுக்கு நாடு மாறி மாறி நடந்தால்தான் அவை உலகத்துக்குச் சொந்தமாகும் என்பதில் உறுதியாக நின்றார். புகழை விட்டுக்கொடுத்த அவர், கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டில் மன்றத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், 1925ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். ஊரைக் கூட்டுவதே குபர்டினின் வேலையாக இருந்தது. அது எளிதாகவும் இல்லை. 1900இல் பாரிஸிலும் 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலும் நடந்த போட்டிகள் பெரிய பொருட்காட்சிகளின் ஒரு பகுதியாகவே நடத்தப்பட்டன. பாரிஸ் போட்டிகள் ஐந்து மாதங்களுக்கு மேல் நீண்டன. தாம் ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டோம் என்பதே சில வீரர்களுக்குத் தெரியவில்லை. மன்றம் அந்தத் தவறுகளிலிருந்து பாடம் கற்றது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டிகள் ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாக அமைந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்த சின்னத்தைக் குபர்டின் வடிவமைத்தார். அவை ஐந்து கண்டங்களின் ஒற்றுமையைக் குறிப்பவை.

ஆனால், 1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. 1916ஆம் ஆண்டு பெர்லினில் நடக்கவிருந்த போட்டிகள் கைவிடப்பட்டன. போரிடும் நாடு ஒன்றில் மன்றத்தின் தலைமையகம் இருப்பது நல்லதன்று என்று குபர்டின் கருதினார். எனவே, 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்கு அதை மாற்றினார். தாம் படைப்பணியில் சேர்ந்தபோது, தலைவர் பொறுப்பைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவரிடம் தற்காலிகமாக ஒப்படைத்தார். போர் ஓய்ந்தபின், 1920இல் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த போட்டிகளில்தான், ஒலிம்பிக் போட்டி அரங்கில் ஐந்து வளையக் கொடி முதன்முதலாகப் பறந்தது.

குபர்டினின் எல்லாக் கருத்துகளையும் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒலிம்பிக் போட்டிகளில் பெண்கள் பங்கேற்பதை அவர் விரும்பவில்லை, இறுதிவரை எதிர்த்தார். 1900ஆம் ஆண்டுப் போட்டிகளில் பங்கேற்ற 997 பேரில் பெண்கள் 22 பேர் மட்டுமே. ஆனால், பெண்கள் தொடர்ந்து குரல் கொடுத்துத் தங்களுக்குரிய இடத்தைப் பெற்றனர். 1928இல் திடல்தடப் போட்டிகளிலும் கால்பதித்தனர். 2024ஆம் ஆண்டில், குபர்டின் பிறந்த பாரிஸ் நகரிலேயே நடந்த ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. தம்மைத் தோற்றுவித்தவரின் பிழையையும் திருத்திக்கொண்டு வளர்வதே நல்ல அமைப்புக்கு அழகு.

குபர்டின் தமது குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதியை இப்பணிக்காகவே செலவிட்டார். முதுமையில் பணத் தட்டுப்பாடு அவரை வாட்டியது. 1937ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஜெனீவாவில் ஒரு பூங்காவில் உலவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அவருடைய உடல் லோசான் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. இதயமோ அவருடைய விருப்பப்படி கிரேக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஒலிம்பியாவில் உள்ள நினைவுத்தூணில் வைக்கப்பட்டது.

அவர் ஊன்றிய விதை இன்று நம் வட்டாரத்திலும் வேர்விட்டிருக்கிறது. பூப்பந்து விளையாட்டை வழிநடத்தும் உலகக் கூட்டமைப்பு கோலாலம்பூரிலிருந்து இயங்குகிறது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகளைச் சிங்கப்பூர் நடத்தியது. 14 வயது முதல் 18 வயது வரையுள்ள ஏறத்தாழ 3,600 இளையர்கள் அதில் பங்கேற்றனர். போட்டிகளோடு, பிற நாட்டவரின் பண்பாட்டை அறிந்துகொள்ளும் நிகழ்ச்சிகளும் அவர்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்டன. விளையாட்டும் கல்வியும் ஒன்றாகச் செல்ல வேண்டும் என்ற குபர்டினின் எண்ணம் அங்கு மீண்டும் செயல்வடிவம் பெற்றது.

பள்ளியில் ஓர் ஆட்டம் நடக்கும்போது நம் கண்கள் பந்தின் மீதே இருக்கும். திடலில் கோடு போட்டவர், அட்டவணை தயாரித்தவர், நடுவராக நின்றவர் ஆகியோரை நாம் கவனிப்பதில்லை. குபர்டின் அவர்களைக் கவனித்தார். அந்தக் கவனிப்பே உலகை ஒரே திடலில் ஒன்றுசேர்த்தது.