தண்மை தேடிய மருத்துவர்

அமெரிக்க நாட்டின் தென்பால் உள்ள புளோரிடாவில், அப்பலாச்சிகோலா என்னும் கடற்கரை ஊரில் 1833ஆம் ஆண்டு குடியேறி மருத்துவத் தொழில் புரிந்தவர் ஜான் கோரி. கோடையில் அவ்வூரில் மலேரியாக் காய்ச்சல் பரவும். வெயிலும் காய்ச்சலும் ஒருங்கே வாட்ட, நோயாளர் துடிப்பதைக் கண்டு அவர் உள்ளம் உருகிற்று.

கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர் கருதினர். கோரியும் அவ்வாறே எண்ணினார். கொசுவே அந்நோயைப் பரப்புவது என்னும் உண்மை 1897இல்தான் புலனாகத் தொடங்கிற்று. அவர் கருத்துப் பிழையாயினும் கருணை பிழைபடவில்லை.

நோயாளர் அறையின் மேற்புறத்தில் பனிக்கட்டி நிறைந்த கலம் ஒன்றைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்றுக் கனமுடையதாதலின், கீழ்நோக்கிப் படர்ந்து வெம்மையைத் தணித்தது. ஆயின், பனிக்கட்டியோ வடபுல ஏரிகளினின்று கப்பலில் வருதல் வேண்டும். கப்பல் வாராவிடின் நோயாளர் நிலை என்னாவது? ஆதலின், அதனை ஊரிலேயே ஆக்கத் துணிந்தார்.

காற்றை அழுத்தினால் சூடேறும். அச்சூட்டை நீரால் தணித்து, பின் விரியவிட்டால் மிகக் குளிரும். இவ்வியல்பைக் கொண்டு அவர் அமைத்த பொறி 1851இல் காப்புரிமை பெற்றது. எனினும், ஊரார் எள்ளினர், பொருளுதவியும் கிட்டவில்லை. 1855இல் அவர் வறியராய் மறைந்தார்.

1902இல் வில்லிஸ் கேரியர் என்பார் காற்றின் ஈரத்தையும் அடக்கும் பொறியை அச்சகம் ஒன்றிற்கென வகுத்தார். பின்னர்க் குளிர்பதனப் பொறி இல்லங்களிலும் புகுந்தது. எள்ளப்பட்ட கோரிக்கு 1914இல் அமெரிக்க நாடாளுமன்ற மாளிகையில் சிலை எழுந்தது.

வெப்ப அலை வீசுங்கால் முதியோரையும் பிணியாளரையும் காக்கும் தண்மையை, பிறர் துயர் பொறாத நெஞ்சமொன்று அன்றே நாடிற்று.