கெர்ஹார்ட் டோமாக்: சிவப்புச் சாயத்திலிருந்து பிறந்த மருந்து

1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் ஊசி தைத்து, கிருமித் தொற்று வேகமாகப் பரவியது. கையைத் துண்டிப்பதே வழி என்று மருத்துவர்கள் கருதினர். தந்தையோ, தாம் ஆராய்ந்துவந்த ஒரு சிவப்பு நிற மருந்தை மகளுக்குக் கொடுத்தார். சிறுமியும் பிழைத்தாள், கையும் தப்பியது.

அந்தத் தந்தைதான் கெர்ஹார்ட் டோமாக். 1895இல், இன்று போலந்திலுள்ள லாகோவில் பிறந்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோதே முதல் உலகப்போருக்குச் சென்று காயமடைந்தார். பின்னர் போர்முனை மருத்துவமனைகளில் உதவியாளராகப் பணியாற்றியபோது, அறுவைச் சிகிச்சையில் பிழைத்தவர்களும் காயம் சீழ்பிடித்து மடிவதைக் கண்டார்.

1927இல் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் பேயர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஜோசஃப் கிளாரர், ஃபிரிட்ஸ் மீட்ச் ஆகிய வேதியியலாளர்கள் புதிய சாயப்பொருட்களை உருவாக்கித் தர, டோமாக் அவற்றை நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். 1932 டிசம்பரில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி செலுத்தப்பட்ட எலிகளில் ஒரு சாயம் பெற்றவை மட்டும் உயிர் பிழைத்தன. பின்னர் புரொன்டோசில் எனப் பெயரிடப்பட்ட அந்தச் சாயம், சோதனைக்குழாயில் கிருமிகளை ஒன்றும் செய்யாது. குழாய்ச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

காரணம் 1935இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் தெரியவந்தது. உடலுக்குள் சாயம் உடைந்து, சல்ஃபனிலமைடு என்ற சிறிய மூலக்கூறு வெளிப்படுகிறது. வேலை செய்வது அதுவே. 1908லேயே தயாரிக்கப்பட்ட பொருள் என்பதால் அதற்குக் காப்புரிமை கோர எவருக்கும் வழியில்லை. நிறுவனத்துக்கு அது இழப்பு, நோயாளிகளுக்கோ நல்வாய்ப்பு.

பாக்டீரியாக்கள் தமக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தை ஒரு நொதியின் துணையுடன் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்த நொதி பயன்படுத்தும் மூலப்பொருளைப் போலவே உருவம் கொண்ட சல்ஃபனிலமைடு, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிருமியின் பெருக்கம் நின்றுபோகிறது. மனிதருக்கு அந்த நொதியே கிடையாது; ஃபோலிக் அமிலம் உணவிலிருந்து கிடைக்கிறது. இந்த விளக்கத்துக்கு வழிவகுத்த டொனால்ட் வுட்ஸின் ஆய்வு வெளியானது 1940இல்தான். அதற்குள் பிரசவக் காய்ச்சலிலிருந்து பல தாய்மார்கள் காப்பாற்றப்பட்டிருந்தனர்.

1939இல் டோமாக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் அப்பரிசை ஏற்கக்கூடாது என்பது ஹிட்லரின் தடை. கெஸ்டாபோ அவரைக் கைது செய்து ஒரு வாரம் சிறையில் வைத்தது. பரிசை மறுக்கும் கடிதத்தில் கையெழுத்திட அவர் நிர்ப்பந்திக்கப்பட்டார். 1947இல் பதக்கமும் சான்றிதழும் கிடைத்தன. பரிசுப் பணம் கிடைக்கவில்லை.

அவர் அடுத்து நாடியது காசநோய். 1952இல் வெளியான ஐசோநயசிட் மருந்தை அவரது குழுவும் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்களின் குழுக்களும் தனித்தனியே கண்டறிந்தன. அந்த மருந்தை பாஸ் என்ற மற்றொரு மருந்துடன் வீட்டிலிருந்தே உட்கொள்வோரும், மருத்துவ விடுதியில் தங்குவோருக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைகின்றனர் என்பதை உலகுக்குக் காட்டியது, 1959இல் வெளியான சென்னை ஆய்வு. டோமாக் 1964 ஏப்ரல் 24ஆம் தேதி காலமானார்.