கடல் கடந்து ஓடிய மகாகவியின் மகள்

ஏழை படும் பாடு கதையைத் தமிழ் மக்கள் அறிவார்கள். ரொட்டி திருடிய குற்றத்துக்காகப் பல ஆண்டு சிறையில் வாடியவனின் கதை அது. 1950-ல் தமிழில் சினிமாப் படமாகவும் வந்தது. மூலக்கதையை எழுதியவர், பிரான்ஸ் நாட்டு மகாகவி விக்டர் ஹியூகோ.

ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த அந்தக் கவிஞரின் வீட்டிலேயே ஒரு சோகக் கதை நடந்தது. அந்தக் கதையின் நாயகி, அவருடைய கடைசி மகள் ஆடெல்.

அக்காளின் சாவு

ஆடெல் 1830-ல் பாரிஸ் நகரில் பிறந்தாள். நல்ல அழகி. பியானோ வாசிப்பாள். சொந்தமாக இசை அமைக்கவும் செய்வாள்.

அவளுக்கு லியோபோல்டின் என்று ஓர் அக்காள். தந்தைக்கு அந்த மகள் என்றால் உயிர். 1843 பிப்ரவரியில் அக்காளுக்குக் கலியாணம் நடந்தது. செப்டம்பர் 4-ந்தேதி, வில்லெக்கியே என்ற ஊரில் சேன் நதியில் படகு கவிழ்ந்தது. அக்காள் மூழ்கி இறந்தாள். காப்பாற்ற முயன்ற கணவரும் மாண்டார். அவளுக்கு வயது 19தான்.

ஹியூகோ இடிந்து போனார். இறந்த மகளை நினைத்து நினைத்துக் கவிதை எழுதினார். ஆடெலுக்கு அப்போது 13 வயது. செத்துப்போன அக்காளோடு, உயிரோடு இருந்த தங்கை போட்டி போட முடியுமா?

தீவு வாசம்

1851-ல் பிரான்சில் லூயி நெப்போலியன் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்தான். ஹியூகோ அவனை எதிர்த்தார். அதனால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1852-ல் குடும்பத்தோடு ஜெர்சி தீவுக்குப் போனார். அது பிரெஞ்சுக் கரைக்கு அருகில், ஆங்கில ஆட்சியின் கீழ் இருந்த தீவு.

அங்கே அவர்கள் இரவு நேரங்களில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆவிகளோடு பேசிப் பார்த்தார்கள். லியோபோல்டினின் ஆவி வந்ததாகவும் நம்பினார்கள். தீவில் நடந்ததை எல்லாம் ஆடெல் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். பிறர் படிக்கக் கூடாத பகுதிகளில், எழுத்துகளை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதினாள்.

1855-ல் குடும்பம் பக்கத்துத் தீவான கெர்ன்சிக்கு மாறியது. கவிஞருக்குக் கடலும் பேனாவும் போதும். இளம்பெண்ணுக்குப் போதுமா? ஆடெல் நோயில் விழுந்தாள். மகளுக்கு இந்தத் தீவு வாழ்க்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று தாயார் கணவரோடு வாதாடினார். அவ்வப்போது மகளைப் பாரிசுக்கும் அழைத்துச் சென்றார்.

மறுத்தவள் துரத்தினாள்

ஜெர்சியில் இருந்தபோதே ஆடெல் ஓர் ஆங்கிலேயனைச் சந்தித்திருந்தாள். அவன் பெயர் ஆல்பர்ட் பின்சன். பின்னர் அவன் ராணுவத்தில் லெப்டினன்ட் ஆனான்.

முதலில் விரும்பியவன் அவன்தான். மணந்துகொள்ளும்படி அவன் கேட்டான். ஆடெல் மறுத்துவிட்டாள். பிறகு அவள் மனம் மாறியது. அதற்குள் அவன் மனமும் மாறிவிட்டது! அவன் விலக விலக, இவள் நெருங்கினாள். அவன் நல்லவனா, கெட்டவனா என்பது வேறு விஷயம். வேண்டாம் என்று அவன் சொன்னது மட்டும் அவள் காதில் ஏறவே இல்லை.

பின்சனின் படை கனடா நாட்டு ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்குப் போயிற்று. 1862-ல் ஹியூகோவின் பெருங்கதை வெளிவந்து உலகமே அவரைப் புகழ்ந்தது. அதற்கு மறு ஆண்டு, 1863-ல், ஆடெல் வீட்டை விட்டுக் கிளம்பினாள். துணை யாரும் இல்லை. அப்போது அவளுக்கு வயது 32. அட்லான்டிக் கடலைத் தாண்டி ஹாலிபாக்ஸ் போய்ச் சேர்ந்தாள்.

பொய்க் கலியாணம்

அங்கே அவள் மகாகவியின் மகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பெயரை மறைத்து, ஒரு வீட்டில் தங்கினாள். பின்சன் அவளை ஏற்கவில்லை.

ஆனால் ஊருக்கு அவள் எழுதிய செய்தி என்ன தெரியுமா? தனக்கும் பின்சனுக்கும் கலியாணம் முடிந்துவிட்டது என்பதுதான்! பெற்றவர்கள் நம்பினார்கள். ஹியூகோ அதைப் பத்திரிகையிலும் அறிவித்தார். சீக்கிரமே பொய் வெளிப்பட்டது. உலகப் புகழ் பெற்ற தந்தை ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றார். இருந்தாலும் மகளுக்குப் பணம் அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை.

1866-ல் படை, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசுக்கு மாறியது. ஆடெலும் பின்னால் போனாள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பின்சன் அங்கிருந்தும் போய்விட்டான். 1870-ல் வேறு ஒரு பெண்ணை மணந்தான். ஆடெல் மட்டும் தீவிலேயே தங்கினாள். கொளுத்தும் வெயிலில், குளிர் நாட்டுக் கனத்த உடையோடு தெருத்தெருவாக அலைந்தாள். அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது.

மகளுக்காக வாதாடிய தாயார் 1868-லேயே இறந்து போனார். மகளைக் கடைசியாகப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கைகொடுத்த பெண்மணி

சொந்த பந்தம் எதுவும் இல்லாத ஒருவர்தான் ஆடெலுக்கு உதவ முன்வந்தார். அவர் பெயர் செலின் அல்வாரஸ் பா. ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்மணி. ஆடெலை அவர் பராமரித்தார். 1872-ல் கப்பலில் கூடவே வந்து, பாரிசில் தந்தையிடம் ஒப்படைத்தார். பெரிய மனிதர்கள் நிறைந்த இந்தக் கதையில் மிகப் பெரிய மனிதர் இந்தப் பெண்மணிதான்.

மகளை ஹியூகோ மனநோயாளிகள் விடுதியில் சேர்த்தார். அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். 1885-ல் அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காணப் பாரிசில் 20 லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். ஆடெல் விடுதியிலேயே இருந்தாள். பியானோ வாசித்தாள்.

அவளுடைய நாட்குறிப்பின் மறைமொழியைப் பிரான்சிஸ் வெர்னர் கில் என்ற அமெரிக்கப் பேராசிரியை விடுவித்தார். 1968 முதல் அது புத்தகமாக வெளிவந்தது. அதைக் கொண்டு 1975-ல் பிரெஞ்சு டைரக்டர் பிரான்சுவா த்ரூபோ ஒரு படம் எடுத்தார். ஆடெலாக நடித்தவர் இசபெல் அஜானி. அப்போது அவருக்கு வயது சுமார் 20தான். அந்த நடிப்புக்காக ஆஸ்கார் பரிசுப் போட்டிக்கு அவர் பெயர் தேர்வாயிற்று. படத்தின் பெயர் ஆடெல் எச்சின் கதை. தந்தையின் பெயரில் முதல் எழுத்தை மட்டுமே வைத்தார்கள்.

தாய், தந்தை, உடன்பிறந்தார் எல்லோரும் போன பிறகும் ஆடெல் வாழ்ந்தாள். விடுதிகளில் மட்டும் 43 ஆண்டுகள்! 1915 ஏப்ரல் 21-ந்தேதி, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 84-வது வயதில் கண்ணை மூடினாள். தாயாரும் அக்காளும் அடக்கமாகி இருந்த வில்லெக்கியே ஊரிலேயே அவளையும் அடக்கம் செய்தார்கள்.