யானைக்கால் மருந்து தந்த சுப்பாராவ்: காரைக்கால் உப்பில் அது கலந்தது ஏன்?

காரைக்காலிலும், பக்கத்துக் கும்பகோணம் பகுதியிலும் யானைக்கால் வெகுகாலம் எல்லோருக்கும் தெரிந்த நோய். சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடித்து உடம்பில் புழு ஏறும். கால் வீங்கப் பல வருஷம் ஆகும். 1980களில் காரைக்கால் வீடுகளுக்கு இதற்கான மருந்து சமையல் உப்பில் கலந்து வந்தது. அந்த மருந்தின் பெயர் டைஎத்தில்கார்பமசின், சுருக்கமாக டிஇசி. அமெரிக்காவில் அதைக் கண்டறிந்த ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது தடவைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கிடைக்காமல் எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். இதற்கிடையே ஸ்ப்ரூ என்ற தீராத வயிற்றுப்போக்கு அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோனது.

பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பெட்பேன் கழுவுவது உட்பட. பகலில் ஹார்வர்டு. பேராசிரியர் ஃபிஸ்க்கோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பாஸ்பரஸ் அளவிடும் முறை இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. ஆனாலும் அங்கே நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது, அவர்கள் போய்ப் பல வருஷம் கழித்து. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்த அமினோப்டெரினும் அங்கிருந்து வந்ததுதான். டிஇசி வெளிவந்தது 1947-ல். மறு வருஷமே, 53 வயதில் காலமானார். ஊர் திரும்பவே இல்லை.

சரி, மாத்திரை இருக்க உப்பு எதற்கு? புழு ரத்தத்தில் இருந்தாலும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாது. நன்றாக இருப்பவரை மாத்திரை விழுங்கச் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? விழுங்கினாலும், புழுக்கள் சாகும்போது காய்ச்சல், தலைவலி வரும்; அடுத்த தடவை வேண்டாம் என்பார்கள். உப்பில் போவது துளி அளவு, ஆனால் தினமும். 1989-ல் வெளியான காரைக்கால் ஆய்வறிக்கை, ரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ளவர்கள் வெகுவாகக் குறைந்ததைப் பதிவுசெய்தது.

ஏற்கெனவே வீங்கிப்போன காலை டிஇசி பழையபடி ஆக்காது. அவர்களுக்கு இன்றைக்கும் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வைத்தியம்.